வாயு மூலைத் தட்டி

அக்கா,

முந்திரிக்கொட்டை எண்ணெய் டப்பாவை இன்று காலையில்தான் திறந்தேன். திறந்த வேகத்தில் அந்த நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, தும்மல் வந்து, கடைசியில் நீங்களும் வந்துவிட்டீர்கள். புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் வீட்டின் அடியைச் சுற்றித் தொங்கும் மூங்கில் தட்டிகளுக்கு ஒரு கை எண்ணெய் பூசிவிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். கையில் பட்டால் தோல் வெந்துபோகும், பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளடி என்று வருஷா வருஷம் என்னைப் பார்த்துக் கத்துவீர்கள். நீங்கள் மட்டும் வெறுங்கையால் பூசிவிட்டுப் பத்து நாள் கரிக்கையோடு திரிவீர்கள். பன்னிரண்டு தட்டியில் நான்கு முடிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற யாராவது நாம் என்னவோ கூடப் பிறந்தவர்கள் என்று நினைத்துவிடப் போகிறார்கள். அண்ணனைக் கட்டியவர் நீங்கள், தம்பியைக் கட்டியவள் நான். ஓரகத்திகள். அதிலும் ஒரே மனையில் குடியிருந்துகொண்டு ஒன்பது வருஷம் ஒருவரோடு ஒருவர் நேராக ஒரு வார்த்தை பேசாத ஓரகத்திகள். ஊரில் நம்மைக் காட்டித்தான் பெண்களுக்குப் புத்தி சொன்னார்கள் என்று கேள்வி.

எல்லாம் அந்த எட்டு சென்ட் மனையால் வந்தது. மாமனார் அதை வாங்கினார் என்று சொன்னால் தப்பு. செங்கொடி பிடித்து, மிராசுதார் ஆட்களிடம் அடிபட்டு, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த பிறகு கைக்கு வந்த பட்டா அது. அந்த மனுஷர் அதைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்து, பொங்கலன்று மட்டும் வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டுவார். அவர் கண்ணை மூடியதும், மிராசுதாரோடு மல்லுக்கட்டி வாங்கிய இடத்துக்கு அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் மல்லுக்கட்ட ஆரம்பித்தார்கள். அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவன் நான், எனக்கே பெரிய பங்கு என்றார் உங்கள் வீட்டுக்காரர், எங்கள் பெரிய மாமா. சரிபாதிக்கு ஒரு அங்குலம் குறைந்தாலும் விடமாட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். தாவா கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கு முடிகிறவரை அந்த மனையில் இரண்டு தரப்பும் நிரந்தரமாக எதையும் கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. மேற்கே உங்கள் வீடு, கிழக்கே எங்கள் வீடு, நடுவில் முள்வேலி.

பேச்சுத்தான் நின்றதே தவிர வாய் எங்கே நின்றது? ஜாடை என்று ஒன்று இருக்கிறதே! என்னைத் திட்ட வேண்டுமென்றால் வேலியோரம் கட்டியிருந்த உங்கள் கருப்பி ஆட்டைத் திட்டுவீர்கள். நான் பதிலுக்கு என் கோழியைத் திட்டுவேன். பாவம், அந்த இரண்டு வாயில்லா ஜீவனும் வாங்கிய ஏச்சு கொஞ்சமா! குழம்பில் உப்புக் கூடினதிலிருந்து பிள்ளை பரீட்சையில் தோற்றதுவரை எல்லாம் அவற்றின் தலையில்தான் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஜாடை பேச உங்களை அடிக்க ஆளில்லை.

அப்புறம்தான் புயல் அடித்தது. எங்கள் ஓட்டு வீட்டின் மேற்குச் சுவர் அப்படியே உள்பக்கம் சரிந்தது. என் வீட்டுக்காரரின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார், கால் மட்டும் முன்போல் இல்லை. கட்ட உத்தரவு இல்லை. அரசாங்க வீடு கேட்கலாம் என்று போனால், தனிப்பட்டா இருக்கிறதா என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து, ஆட்சிக்கு வந்ததும் உங்களுக்குத்தான் முதல் வீடு என்று சத்தியம் பண்ணினார்கள். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது, எங்கள் தலைக்கு மேலே தார்ப்பாய் மாறவில்லை. கடைசியில் எங்கள் வக்கீல்தான் ஒரு வழி சொன்னார். "கட்டத்தானேம்மா கூடாது? கொண்டாந்து வைக்கலாம்ல? திருச்சிப் பக்கம் ரெடிமேட் வீடு பண்ணித் தர்றாங்க. லாரில வரும், வேண்டாம்னா லாரில போயிடும். தூக்கிட்டுப் போற பொருள் எப்பவும் நிரந்தரம் ஆகாது."

சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் எங்கள் மூத்த மகன் ஏற்பாடு செய்தான். வீடு லாரியில் ஏறி, பூதலூர் வழியாக ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. கிரேன் அதைத் தூக்கி, வரிசையாக அடுக்கிய ஹாலோ பிளாக் கற்கள் மேல் உட்கார வைத்தது. ஊரே கூடி நின்றது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏ கருப்பி, தகர டப்பாவுக்குக் கூட்டத்தப் பாரு!" என்றீர்கள். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் அடுத்த வாரம் வந்தது, வீட்டின் மேல். வீட்டுக்கும் தரைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. தெருநாய் அங்கே போய்க் குட்டி போட்டது. மூன்றாம் நாள் சாரைப்பாம்பு ஒன்று சாவகாசமாக அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. காற்றடித்தால் அடியில் புகுந்து குடம் ஊதுகிற மாதிரி ஓர் ஓசை. தரைப்பலகை காலுக்குக் கீழே அதிரும். அந்த அதிர்வு வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். வீடு விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். "கீழ கேப் இருக்குல்லங்க மேடம், அதுக்கு சுத்தி ஸ்கர்ட்டிங் போட்டுக்கணும். அது எங்க வேலையில வராது, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்க் கடையில் ஸ்கர்ட்டிங் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சுற்றளவு கேட்டு, கணக்காக நான்கு பெட்டி ஏற்றி அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தால் சுவர் ஓரத்தில் ஒட்டுகிற நாலு அங்குல டைல்ஸ்! மனுஷர் அதில் ஒன்றை எடுத்து வீட்டின் அடியில் பிடித்துப் பார்க்கிறார். இடைவெளி அவர் முழங்காலுக்கு இருக்கிறது, டைல்ஸ் அவர் கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கருப்பி! பாவாட கேட்டா நாடாவ மட்டும் வாங்கிட்டு வந்துருக்கான் பாருடி!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எதிராளியின் பேச்சுக்குச் சிரிப்பதா என்று உள்ளே ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். நீங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், கேட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாம் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான்.

சரி, செங்கல்லை வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிடலாம் என்று தீர்மானித்தேன். பாம்பும் வராது, காற்றும் வராது. செங்கல் வந்து இறங்கியது. மறுநாள் காலை கொத்தனார் வருவதாகப் பேச்சு. சாயங்காலம் நீங்கள் கருப்பியைப் பிடித்துக்கொண்டீர்கள் பாருங்கள், அடேயப்பா!

"அறிவிருக்கா உனக்கு? செங்கல்லு வச்சு சிமென்ட்டு பூசினா அது கட்டடமா இல்லையா? எங்க வீட்டு வக்கீலு எப்படா எப்படான்னு காத்துக்கிட்டு இருக்காரு. கோர்ட்லேருந்து ஆளு வந்து பார்த்து நிரந்தரக் கட்டடம்னு எழுதிட்டுப் போயிட்டான்னா, மேல இருக்குற டப்பாவையும் சேர்த்துத் தூக்கச் சொல்லுவான். அந்த நொண்டிக் கால வச்சுக்கிட்டு எங்கடி போவீங்க?"

கருப்பிக்கு நான்கு காலும் நன்றாகத்தான் இருந்தன. கோழியைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டே, "சரி சரி, புரியுது, கத்தாத" என்று அதனிடம் சொன்னேன். கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். செங்கல் அப்படியே ஓர் ஓரமாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் முடிந்திருந்தது. ரோடு ஓரம் பூராவும் பிளெக்ஸ் பேனர். கேட்பாரில்லை. ஆளுயரத் துணி சும்மா கிடைக்கிறதே என்று இரண்டு கட்சியுடையதையும் அவிழ்த்து வந்து வீட்டின் அடியைச் சுற்றிக் கட்டினேன். மூன்று நாள்கூட ஆகவில்லை, கட்சிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "ஏங்க, தலைவர் படத்தக் கொண்டுபோயி காலடியிலயா கட்டுவீங்க?" என்றார். "இந்தப் பக்கம் உங்க தலைவரு, அந்தப் பக்கம் அவங்க தலைவரு. வீடு தர்றோம்னு சொன்னீங்க, தரல. இருக்குற வீட்டயாவது எல்லாரும் சேர்ந்து தாங்கட்டுமே" என்றேன். மனுஷர் முகம் போன போக்கு! கடைசியில் படம் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பிக் கட்டுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனார். திருப்பிக் கட்டினேன். ஆனால் பிளெக்ஸ் துணி காற்றையே விடவில்லை. ஒரு மழை விட்டு ஒரு வாரத்தில் வீட்டுக்குள் ஈர நெல் மூட்டையைத் திறந்த மாதிரி புழுக்க வாடை. தரைப்பலகை ஓரமெல்லாம் பூஞ்சை பூத்தது.

"வாயையும் மூக்கையும் சேத்துக் கட்டினா நீ மூச்சு விடுவியா கருப்பி?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் பாடம் ஆரம்பித்தது. "காத்து உள்ள போயி வெளிய வரணும். ஆனா ஜந்து போகக்கூடாது. மூங்கிலப் பொளந்து இடுக்கு விட்டுத் தட்டி பின்னு. மேல கொக்கி மாட்டித் தொங்க விடு. வேணும்னா கழட்டு, வேணாம்னா மாட்டு. கழட்டி மாட்டுறத எவனும் கட்டடம்னு சொல்ல முடியாது."

இடுக்கு வழியாக எலி நுழையுமே என்று நான் என் கோழியிடம் அலுத்துக்கொண்டேன். மறுவாரம் நீங்கள் நாகப்பட்டினம் போய் வந்தீர்கள். அது உங்கள் பிறந்த ஊர். மாமனார் சங்கத்துக் கூட்டத்துக்கு அங்கே போனவர், சாதி ஒன்றும் பார்க்காமல் மீன்பிடிக்கிற வீட்டில் மூத்த மகனுக்குப் பெண்ணும் பார்த்துவிட்டு வந்த கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! போன நீங்கள் ஒரு சாக்கு நிறையப் பழைய நைலான் வலையோடு திரும்பினீர்கள். அதைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் தொங்குகிற மாதிரி வேலியில் போட்டுவிட்டு, "இத யாராவது எடுத்துத் தொலச்சா தேவலாம், ஆட்டுக் கால் மாட்டிக்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டீர்கள். ஆடு அந்தப் பக்கம் இருந்தது, வலை இந்தப் பக்கம் தொங்கியது. எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு தட்டி. ஒவ்வொன்றின் பின்புறமும் வலையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். காற்று தூக்காமலிருக்க உள்பக்கம் கீழ்விளிம்பை ஒட்டி மணல் மூட்டை அடுக்கினேன். கறையான் அரிக்காமலிருக்கப் படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொல்லியும் கருப்பிக்குத்தான் உத்தரவு வந்தது. முதல் மழைக்காலத்துக்குத் தட்டிகள் அப்படியே தாங்கி நின்றன. பாம்பு இல்லை, புழுக்கம் இல்லை, அந்த ஊதல் ஓசையும் பாதியாகக் குறைந்தது. நான் நிம்மதியாக மூச்சுவிட ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரரால்தான் விட முடியவில்லை. சுவர் விழுந்து அடியில் கிடந்தவர் இல்லையா? காற்று சத்தம் பாதியானாலும் அவருக்கு அது முழுசாகத்தான் கேட்டது. ஒருநாள் நான் நடவுக்குப் போயிருந்தபோது, வடமேற்கு மூலையில் பள்ளம் தோண்டி, இரும்பு ஆங்கிள் நட்டு, அதை வீட்டின் அடிச்சட்டத்தோடு வெல்டிங் வைத்து, குழி நிறையக் கான்கிரீட் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். அந்த மூலைத் தட்டியின் அடியும் கான்கிரீட்டுக்குள் போய் இறுகிவிட்டது. நான் வந்து தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அது வாயு மூலை. காத்து அங்கதான் வரும். ஒரு மூலையாவது பூமியப் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்டி."

அந்த மூலை உங்கள் வேலியை ஒட்டியது. நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க வந்தீர்கள், ஒரு கணம் நின்றீர்கள், உள்ளே போய்விட்டீர்கள். அன்று கருப்பிக்கு ஒரு திட்டும் விழவில்லை.

அதற்குப் பிறகு வந்ததே தகவல்! தம்பி நிரந்தரக் கட்டடம் எழுப்பிவிட்டான் என்று பெரிய மாமா மனுப் போட்டிருக்கிறார், பார்த்து எழுத கோர்ட்டிலிருந்து கமிஷனர் வருகிறார், நாளை மறுநாள். நான் கடப்பாரையை எடுத்து அந்தக் கான்கிரீட்டில் நான்கு போடு போட்டேன். வீடே குலுங்கியதே தவிர அது பெயரவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கமிஷனர் ஒரு வரி எழுதினால் போதும், வீடு போய்விடும். இன்னொரு தார்ப்பாயின் அடியில் அவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கமிஷனராக வந்தவர் ஓர் இளம் வக்கீலம்மா. கையில் அட்டை, காகிதம். எங்கள் வக்கீல், உங்கள் வக்கீல், பெரிய மாமா எல்லோரும் நின்றார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தம்மா, "இந்தத் தட்டியெல்லாம் கழட்ட வருமா?" என்று கேட்டார். உங்கள் வக்கீல் முந்திக்கொண்டார். "பேருக்குத்தான் தட்டி மேடம், அடியில பலமா கட்டியிருக்காங்க. இதோ இவங்க என் கட்சிக்காரரோட சம்சாரம், பக்கத்து வேலி. தெனம் பார்க்குறவங்க. அவங்களையே கேளுங்க."

நீங்கள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். ஒன்பது வருஷத்தில் எங்கள் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கேக்குறது என்னத்துக்கும்மா? பார்த்துக்குங்க" என்று சொல்லி, ஈசானிய மூலைத் தட்டியைக் கொக்கியிலிருந்து தூக்கிக் கீழே வைத்தீர்கள். மணல் மூட்டையைக் காலால் நகர்த்திக் காட்டினீர்கள். பிறகு அக்னி மூலைக்குப் போய் ஒன்று. பிறகு கன்னி மூலைக்குப் போய் ஒன்று. அடுத்தது வாயு மூலைதானே! நீங்கள் நேராக அங்கே நடந்துபோய், அந்தத் தட்டிக்கு முன்னால் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தீர்கள்.

"ஸ்ஸ்... மூச்சு வாங்குது. கையெல்லாம் கரி. பன்னண்டையும் கழட்டணும்னா கழட்டுறேம்மா, கொஞ்சம் இருங்க" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "ஏண்டி, வேடிக்க பார்த்துக்கிட்டு நிக்கிற? வெயில்ல வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கத் தெரியாது உனக்கு?"

என்னை! ஆட்டை இல்லை, என்னை! நான் உள்ளே ஓடினேன். நான் தண்ணீரோடு வெளியே வந்தபோது அந்தம்மா, "போதும்மா, மூணு பார்த்துட்டேன், நீங்க உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். கழற்றி மாட்டக்கூடிய மூங்கில் தடுப்பு, இடம் பெயர்க்கத்தக்க வீடு, நிரந்தரக் கட்டுமானம் காணப்படவில்லை. எங்கள் வக்கீல் அதைப் பிறகு வாசித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். மனு தள்ளுபடியாயிற்று. வீடு நின்றது.

அன்றிலிருந்து நாம் பேச ஆரம்பித்தோம். அவர்கள் பாட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாம் பாட்டுக்கு வேலிப் படலைத் திறந்துவைத்துக்கொண்டு வருஷா வருஷம் எண்ணெய் பூசினோம். ஆறு வருஷம். ஆனால் அந்த மூலையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் தெரிந்தே அங்கே உட்கார்ந்தீர்களா, நிஜமாகவே மூச்சு வாங்கியதா? கேட்டு, நீங்கள் தெரியாது என்று சொல்லிவிட்டால் நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தெரியும் என்று சொன்னால், நாளைக்கு உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கும்போது புருஷனுக்கு எதிராக நிற்க வேண்டி வரும். கேட்காமலே இருந்துவிட்டேன். வழக்கு முடியவில்லையே. உடைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். பெரிய மாமா அந்த மூலைப் பக்கம் கொஞ்சம் நின்றால் கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். நிற்பார், பீடி பற்றவைப்பார், போய்விடுவார்.

பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். மூன்றே நாள் காய்ச்சல். கருமாதி முடிந்த மறுவாரம் பெரிய மாமா தானாகப் படலைத் திறந்துகொண்டு வந்தார். "சரிபாதிக்கே ராஜி எழுதிடலாம்டா. எனக்கு யார்கூட சண்ட போட்டு என்ன ஆகப் போகுது?" என்று தம்பியிடம் சொன்னார். போன வாரம் தஞ்சாவூர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டார். பெரிய மாமா முன் சீட்டில். எனக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்துத்தான் ஆகிவிட்டதே, இனி என்ன, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று குனிந்தேன்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கமிஷனரு வந்தப்போ..."

அவர் திரும்பக்கூட இல்லை. "வாயு மூலதானே?" என்றார்.

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு எல்லாரும் போனதும் உள்ள வந்தா" என்றார். "கையக்கூடக் கழுவல. 'உங்க தம்பி வாயு மூலையில கான்கிரீட்டு போட்டுருக்கான், நான் கண்ணால பார்த்தேன். போயி வக்கீல்கிட்ட சொல்றதா இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்ன மறுநிமிஷம் நான் துணிமணிய எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கோர்ட்லேருந்து காலி பண்ண வந்தா என்னையும் சேர்த்துத்தான் வெளிய இழுக்கணும்'னா."

"நீங்க என்ன மாமா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? சோத்தப் போடுன்னேன்."

அக்கா, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண் என்னவோ ஏதோ என்று பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஆறு வருஷம் வயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அந்த மூலையைச் சுற்றி வந்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் எல்லாம் தெரிந்துகொண்டு சோறு தின்றிருக்கிறீர்கள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லா இருந்தீங்க போங்க. கல் இறங்கிவிட்டது. கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இறங்கி நடக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும் அதுதான் என்னோடு இருக்கிறது. கோபித்துக்கொண்டு கிளம்புகிற பெண், பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்றுதான் சொல்வாள். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு நாகப்பட்டினத்தில் வீடு இருந்தது, தாங்குவதற்கு அண்ணன்கள் மூன்று பேர் இருந்தார்கள். அன்று காலைவரை ஒன்பது வருஷம் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியிருந்தும் அக்கா, கோபித்துக்கொண்டு போவதற்கு நீங்கள் சொன்னது என் வீட்டை.